யூரின் இன்ஃபெக்ஷன் வந்தா ப்ராஸ்டேட் கேன்சர் வருமா?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 64 வயசு. போன மாசம் குளிர் காய்ச்சல், யூரின் போறப்ப எரிச்சல்னு அட்மிட் பண்ணி அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் ஏத்துனாங்க. அப்பவே பிஎஸ்ஏன்னு ஒரு டெஸ்ட் எடுத்து 18னு வந்துருச்சு, கேன்சரா இருக்கலாம்னு சொன்னாங்க. பாக்க வந்த சொந்தக்காரர் ஒருத்தர் "இதெல்லாம் தப்பான சகவாசத்துல வர்றது"ன்னு அப்பா காதுபடவே சொல்லிட்டாரு. அன்னைலேருந்து அப்பா தட்டு, டம்ளரைத் தனியா கழுவி வச்சுக்கிட்டு திண்ணைலயே படுக்குறாரு. இன்ஃபெக்ஷனாலதான் இந்த கேன்சர் வருதா? அம்மாவுக்கும் ஒட்டிக்குமா? - பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, மொதல்ல அப்பாவை உள்ள கூட்டிட்டு வந்து படுக்க வைங்க. கேன்சர் ஒட்டிக்காது, தட்டு டம்ளர்லயும் பரவாது, அம்மா எப்பவும் போல பக்கத்துல இருக்கலாம். அந்த சொந்தக்காரர் சொன்னதுக்கு எந்த ஆதாரமும் இல்ல, ஒரு பெரிய மனுஷனை இப்படி கூனிக்குறுக வச்சது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

அடுத்து அந்த 18. ப்ராஸ்டேட்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பி, அதுல சுரக்குற ஒரு புரதம்தான் பிஎஸ்ஏ, அந்த சுரப்பி கிருமி தாக்கி வீங்குனா ரத்தத்துல எக்கச்சக்கமா கசியும், அதனால காய்ச்சலோட எடுத்த நம்பரை வச்சு கேன்சர்னு முடிவு பண்ணவே கூடாது. இன்ஃபெக்ஷன் முழுசா சரியாகி 6லேருந்து 8 வாரம் கழிச்சு திரும்ப எடுங்க, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சைக்கிள் ஓட்ட வேணாம், தாம்பத்யமும் வேணாம். அப்பவும் இறங்கலைன்னா எம்ஆர்ஐ ஸ்கேன், தேவைப்பட்டா பயாப்ஸி, அதாவது துளி திசுவை எடுத்து சோதிச்சுப் பாக்குறது. சரியாயிடுச்சேன்னு இந்த ரெண்டாவது டெஸ்ட்டை விட்டுடாதீங்க, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

கிருமியால கேன்சர் வருமான்னு நீங்க கேட்டது நியாயமான கேள்வி. கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு எச்பிவி வைரஸ், கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி வைரஸ், இரைப்பைக்கு எச் பைலோரிங்கிற பாக்டீரியான்னு நிரூபிச்சிருக்காங்க. ப்ராஸ்டேட்டுக்கு அப்படி ஒரு கிருமியும் இன்னும் நிரூபணம் ஆகல. தேடாம இல்ல. 2006ல அமெரிக்காவுல எக்ஸ்எம்ஆர்வின்னு ஒரு வைரஸை ப்ராஸ்டேட் கேன்சர் திசுவுல கண்டுபிடிச்சோம்னு சொன்னப்ப எங்க ஆளுங்களே பரபரப்பாயிட்டாங்க, கடைசில பார்த்தா லேப்ல எலி உடம்புல கேன்சர் செல்லை வளர்த்தப்ப உருவான வைரஸ், நோயாளிகிட்டேருந்து வந்ததே இல்ல, சாம்பிள்ல கலந்திருக்கு, 2012ல அந்த கட்டுரையையே வாபஸ் வாங்கிட்டாங்க. ட்ரைக்கோமோனாஸ்ங்கிற பால்வினைக் கிருமி மேலயும் சந்தேகம் வந்துச்சு, எல்லா ஆய்வும் அதை ஒத்துக்கல. 2022ல இங்கிலாந்துல நார்விச் டீம், வேகமா பரவுற கேன்சர் இருக்குறவங்ககிட்ட அஞ்சு வகை பாக்டீரியா தொடர்பைக் காட்டுனாங்க, ஆனா அது கேன்சரைக் கொண்டு வந்துச்சா, கேன்சர் வந்த எடத்துல குடியேறுச்சான்னு அதை வச்சு சொல்ல முடியாது.

எனக்கு கொஞ்சம் கனமா படுறது நாள்பட்ட அழற்சிதான், அதாவது ரொம்ப நாளா ஆறாம இருக்குற வீக்கம். புண்பட்ட எடத்துல செல்லுங்க செத்து செத்து அவசரமா புதுசா பிறக்கும், அந்த அவசரத்துல ஜீன்ல தப்பு நடக்கலாம். இதுவும் சந்தேக அளவுலதான் இருக்கு, இதை நம்பி கேன்சர் வராம இருக்க ஆன்டிபயாடிக் மாசக்கணக்குல போடாதீங்க. உறுதியா தெரிஞ்சது வயசு, குடும்பத்துல அப்பா அண்ணன் தம்பிக்கு இருந்துச்சாங்கிறது, பிஆர்சிஏ2 மாதிரி ஜீன் கோளாறு. அதனால தாத்தா, சித்தப்பா, பெரியப்பா யாருக்காவது இருந்துச்சான்னு வீட்ல கேட்டு வைங்க.

அட்மிட் பண்ணப்ப எடுத்த யூரின் கல்ச்சர் பேப்பரைத் தொலைச்சுடாதீங்க தம்பி, என்ன கிருமி, எந்த மருந்துக்கு கேக்கும்னு அதுல இருக்கும், ஒருவேளை பயாப்ஸி வரைக்கும் போனா யூரோ டாக்டருக்கு உதவும்.