தைமூர்: கிழக்கா, இரும்பா?

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சதுரங்கம் பயிலும் என் பேரன், அஜர்பைஜான் ஆட்டக்காரர் தைமூர் ரஜாபோவின் ஆட்டங்களை விரும்பிப் பார்க்கிறான். மலாய் மொழியில் ‘தீமோர்’ என்றால் கிழக்கு அல்லவா, அதை ஏன் பெயராக வைத்தார்கள், ரஷ்யர்களுக்கும் அப்பெயர் எப்படி வந்தது என்று கேட்கிறான். என்ன சொல்லலாம்?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்.

பதில்: பதினைந்து வயதில், 2003ஆம் ஆண்டில், முன்னாள் உலகச் சதுரங்க வாகையர் காஸ்பரோவையே வென்றவரைத் தங்கள் பேரன் தேர்ந்தெடுத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. பந்தாய் தீமோர் என்று நாம் கிழக்குக் கரையைச் சொல்லும்போது வரும் மலாய்ச் சொல்லுக்கும் இந்தப் பெயருக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை. பெயரின் பொருள் இரும்பு. துருக்கி, கசாக், உஸ்பெக் மொழிகளில் தெமிர் எனவும், தாத்தார் மொழியில் திமெர் எனவும் சற்றே மாறி ஒலிக்கும் ஒரே பழஞ்சொல் அது. தங்கம், முத்து, வைரம் என்று நம் தோட்டத்து முன்னோர் பிள்ளைகளுக்குப் பெயரிட்டதைப் போலவே, உறுதி வேண்டி அம்மக்கள் இரும்பைத் தேர்ந்தனர்.

பெயரை உலகறியச் செய்தவர், 1336இல் இன்றைய உஸ்பெகிஸ்தானின் ஷஹ்ரிசப்ஸ் அருகே பிறந்து, சமர்கந்தைத் தலைநகராக்கி, 1398இல் தில்லியைச் சூறையாடிய தைமூர். அந்தக் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர் அவருக்கு முன்பே வழங்கியது என்பதையும் பேரனுக்குச் சொல்லுங்கள்.

ரஷ்யாவுக்குள்ளேயே தாத்தாரும் வேறு பல துருக்கிய இனத்தவரும் நெடுங்காலமாக வாழ்வதால், அப்பெயர் ரஷ்யர்களின் காதுக்குப் புதியதன்று. எனினும் ரஷ்யக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கே அதை விரும்பிச் சூட்டியதற்கு, என் கணிப்பில், படைத்தலைவரைவிட ஒரு கதைச்சிறுவனே பெரிய காரணம். எழுத்தாளர் அர்காதி கைதார், 1926இல் பிறந்த தம் மகனின் பெயரையே சூட்டி, 1940இல் ‘தைமூரும் அவன் குழுவும்’ என்னும் கதையை வெளியிட்டார். போர்வீரர்களின் குடும்பங்களுக்கு, யாருக்கும் தெரியாமல், தண்ணீர் சுமந்தும் விறகு அடுக்கியும் உதவும் சிறுவர்களின் தலைவன் அந்தத் தைமூர். சோவியத் நாடெங்கும் பிள்ளைகள் அவனைப் பின்பற்றிக் குழுக்கள் அமைத்தார்கள். அவ்வாறு உதவுவோரைத் ‘தைமூரர்’ என்றே அழைத்தார்கள். கொள்ளைக்கு நினைவுகூரப்பட்ட பெயரைத் தொண்டுக்கு உரியதாக்கியது அந்தக் கதை என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ரஷ்யர்கள் தந்தையின் பெயரையும் சேர்த்தே மதிப்புடன் விளிப்பார்கள். எனவே அர்காதியின் மகன் தைமூருக்கு மகனும், 1992இல் ரஷ்யாவின் தற்காலிகப் பிரதமராக இருந்தவருமான யேகோர் கைதாரை, ‘யேகோர் தைமூரொவிச்’ என்றே அழைத்தார்கள்.