மாலில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். அப்பா, அம்மா இருவர் சம்பளமும் சேர்ந்தால் ஆண்டுக்கு 350,000 ரேண்டைத் தாண்டுவதால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி எனக்குக் கிடையாது. உம்லாங்கா கேட்வே மாலில் ஒரு துணிக்கடைக்காரர்கள் மணிக்கு 32 ரேண்டுக்குக் கூப்பிடுகிறார்கள். சனி, ஞாயிறு எட்டு எட்டு மணி நேரம். வாரநாளில் இரண்டு மாலை, நான்கு நான்கு மணி நேரம். மினிபஸ் டாக்சிக்குப் போக வர 80 ரேண்ட் ஆகும். சேரலாமா?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: சனி, ஞாயிறுக்குச் சேருங்கள் தங்கச்சி. மாலை வேலை மட்டும் வேண்டாம்.

கூலியில் குறை இல்லை. 2025 மார்ச் 1-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் என்று இருந்தது, உங்களுக்கு அதைவிட அதிகம்தான். ஆனால் ஒரு மாலைக்கு வருவது 128 ரேண்ட், அதில் டாக்சிக்கு 80 போனால் கையில் 48. டர்பன் நகரில் வண்டி மாறி, இரவில் வீடு வந்து சேரும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு பத்து ரேண்டுகூடத் தேறாது. இரண்டு மாலையும் சேர்ந்து வாரத்துக்கு 96 ரேண்ட். அதற்காக டெஸ்ட் வாரத்தில் படிப்பை விட்டு, ஒரு மாட்யூலில் (பாடத்தில்) தோற்றுவிட்டால், அதற்கு மறுபடி கட்டும் கட்டணம் இந்தக் காசையெல்லாம் விழுங்கிவிடும்.

சனிக்கிழமை கதை வேறு. 256 வாங்கி, 80 போக 176 நிற்கும். ஞாயிறு இன்னும் நல்லது: வழக்கமாக ஞாயிறு வேலை செய்பவருக்குப் பொதுவாக ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் குறைந்த மணி நேரம் வேலை செய்பவர்களோடு சில கடைகள் வேறுவிதமாக ஒப்பந்தம் போடுவது உண்டு, அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் ஞாயிறு கூலி என்ன என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஜூன், நவம்பர் தேர்வு வாரங்களில் விடுப்பு தருவார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போனால் தேர்வுக்கு முந்தின நாள் மானேஜர் கூப்பிடுவார். பதிலுக்கு நீங்கள் டிசம்பரில் கூடுதல் நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். தேர்வு முடிந்திருக்கும், கடைக்கும் அப்போதுதான் ஆள் அதிகம் வேண்டும்.

மாலைகளில் பக்கத்து வீட்டு மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு அக்கவுண்டிங் சொல்லிக்கொடுக்கலாமே? ஒரு மணி நேரத்துக்கு 50 ரேண்ட் வாங்கினாலே, ஒரு மாலை முழுக்கக் கடையில் நின்று டாக்சி போகக் கையில் மிஞ்சுவதைத் தாண்டிவிடும். வளாகத்திலேயே நூலகம், கம்ப்யூட்டர் லேப், டியூட்டர் வேலைகளுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். பதிவுக் கட்டணம் என்று எந்த ஏஜென்ட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

அப்புறம் வரி. இதில்தான் மாணவர்கள் நிறையப் பணத்தை விடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். மாலை வேலையை விட்டால் உங்களுக்கு வாரம் 16 மணி நேரம்தான். வாரம் 22 மணி நேரத்துக்குக் கீழே போனால், சம்பளத்தில் 25 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படலாம். ஞாயிறுக்கு ஒன்றரை மடங்கு தந்தால் உங்களுக்கு நான்கு வாரத்துக்கு 2,560 ரேண்ட் வரும், அதில் 640 போய்விடும். ஒரு வாரக் கூலி அது! உங்கள் வருமானமோ, 2025-26 வரியாண்டில் 95,750 ரேண்டாக இருந்த வரி வரம்புக்கு எவ்வளவோ கீழே. இதைத் தவிர்க்க, வேறு எந்த முதலாளியிடமும் வேலை செய்யமாட்டேன் என்று சேரும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வளாக வேலையும் கிடைத்தால் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அப்போது இரண்டு இடத்திலும் ஐஆர்பி5 என்ற சம்பள வரிச் சான்றிதழை வாங்கி, சார்ஸ் என்ற வரித்துறையில் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த வரி திரும்பி வரும்.