12345678987654321 முதன்மை எண்ணா? இதில் வேறு என்ன சிறப்பு?

முதன்மை எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) அல்ல. வாட்ஸ்அப்பில் "அதிசய எண்" என்று வந்ததை எக்செலில் போட்டுப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அனுப்புகிறவர்கள் காரணத்தைச் சொல்வதேயில்லை, அதுதான் எனக்குக் கோபம். காரணம் வெறும் ஆரம்பப் பாடசாலைப் பெருக்கல்தான்.

இது 111111111இன் வர்க்கம். ஒன்பது ஒன்றுகளை ஒன்பது வரிகளில், வரிக்கு ஓரிடம் இடப்பக்கம் தள்ளி எழுதுங்கள். வலது ஓர நிரலில் ஒரேயொரு 1, அடுத்ததில் இரண்டு, இப்படி ஏறி நடு நிரலில் ஒன்பது, பிறகு அதேபோல இறங்கும். எந்த நிரலும் 9ஐத் தாண்டாததால் அடுத்த நிரலுக்குக் கொண்டுபோக எதுவுமில்லை. முன்னும் பின்னும் ஒன்றுபோல் வருவது அதனால்தான். பத்து ஒன்றுகளை எடுத்தால் நடுவில் 10 வரும். அதன் 1 இடப்பக்கம் போய் அங்குள்ள 9ஐயும் 10 ஆக்கும், அதிலிருந்து இன்னொரு 1 அடுத்த 8இல் ஏறும். விடை 1234567900987654321. ஒழுங்கு குலைந்துவிட்டது. "எத்தனை ஒன்று போட்டாலும் இப்படியே வரும்" என்று எழுதுகிறவர்கள் இதைக் கூட்டிப் பார்க்கட்டும்.

காரணிப்படுத்துவதும் கையால் முடியும். 111111111 = 111 × 1001001. முதலாவது 3 × 37. இரண்டாவதின் இலக்கக் கூட்டுத்தொகை 3, ஆகவே 3 × 333667. இந்த 333667 முதன்மை எண்தானா என்று பார்க்க 577 வரையான 106 முதன்மை எண்களால் வகுத்தால் போதும், 578இன் வர்க்கம் அதைத் தாண்டிவிடுகிறது. எதுவும் மீதியின்றி வகுக்காது. ஆகவே நம் எண் 3⁴ × 37² × 333667². காரணிகளின் எண்ணிக்கை 5 × 3 × 3 = 45. நிறைவர்க்கம் என்பதால் அது ஒற்றை எண்ணாகத்தான் இருக்க முடியும். இலக்கங்களைக் கூட்டினால் 81, அந்த 81ஆலேயே எண் மீதியின்றி வகுபடும், ஈவு 12345679இன் வர்க்கம்.

"இப்படி முன்னும் பின்னும் ஒன்றுபோல் வரும் எண்ணெல்லாம் 11ஆல் வகுபடுமே" என்று யாராவது சொல்ல வரலாம். அது எப்போதும் உண்மையாவது இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையானால் மட்டும்: ஒன்றுவிட்டொன்று கூட்டிக் கழிக்கையில் சோடி சோடியாக அடிபட்டுப் பூச்சியம் வரும். அதனால் அந்த வகையில் 11ஐத் தவிர முதன்மை எண்ணே கிடையாது. இங்கே 17 இலக்கங்கள். கூட்டிக் கழித்தால் 1, மீதியும் 1.

   

எக்செல் 12345678987654300 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது 15 இலக்கங்களுக்கு மேல் வைத்திருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி கடைசி 1ஐ 0 ஆக்கும், ஏனென்றால் 2⁵³ஐத் தாண்டிய ஒற்றை எண்களுக்கு அதன் சாதாரண எண் வகையில் இடமில்லை. பைத்தன் என்ற கணினி மொழியில் முழு எண்ணாகவே போடுங்கள். 333667ஆல் வகுத்து மீதியைக் கேட்டால் 0 வரும்.