இசைக்குழுவில் கிளாரினெட்: கேள்வி பதில்

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் பள்ளி பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். இதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறான். பிழைக்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா, ஆனால் இசைக்குழுச் சம்பளத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். பள்ளி பாண்டில் வயலின்கள் இல்லாததால், அவற்றின் வேலையில் பெரும்பகுதியைக் கிளாரினெட்டுகளே சுமக்கின்றன. அதனால்தான் அங்கே அவ்வளவு நீண்ட வரிசை. முழு சிம்ஃபனி இசைக்குழுவிலோ வழக்கமாக மூன்று, நான்கு இடங்கள்தாம். 1979இல் தொடங்கிய நம் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவைப் போன்ற ஒன்றில் இடம் கிடைத்தவர் எளிதில் எழுந்து போகமாட்டார்; காலியானாலும் பல நாட்டவர் போட்டிக்கு வருவார்கள். ஆகவே, பதிலி வாசிப்பு (வர இயலாதவருக்குப் பதிலாக வாசிப்பது), பள்ளி பாண்டுப் பயிற்சி, தனி வகுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே மகனின் வருமானத்தைக் கணக்கிடுங்கள்.

கேள்வி (தொடக்கக் கல்லூரி மாணவர்): இசைக்குழுத் தேர்வில் எதை வாசிக்கச் சொல்வார்கள்?

பதில்: அநேகமாக எங்கும் முதலில் மோட்சார்ட் 1791இல், தாம் இறந்த ஆண்டில், முடித்த கிளாரினெட் கான்சர்ட்டோ, அதாவது தனிக் கிளாரினெட்டும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. பின்னர் பெரிய படைப்புகளின் சிறு பகுதிகள்: பீத்தோவனின் ஆறாம் சிம்ஃபனி, மெண்டல்சனின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ ஸ்கெர்ட்சோ (துள்ளலான விரைவுப் பகுதி), ராக்மனினோவின் இரண்டாம் சிம்ஃபனியில் வரும் நீண்ட தனி வாசிப்பு. மெண்டல்சனில் நாவின் இலகுவும் தாளக் கட்டுப்பாடும் வெளிப்பட்டுவிடும். ராக்மனினோவில் மூச்சு வெளிப்பட்டுவிடும். முதல் சுற்றில் நடுவர்களுக்கும் உங்களுக்கும் இடையே பெரும்பாலும் திரை இருக்கும் என்பதால், முகபாவம் உதவாது. வேகமாக வாசிப்பவர்களைவிடச் சுருதியும் காலப்பிரமாணமும் பிசகாதவர்களே அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: பி-ஃபிளாட், அதைவிட அரைச் சுரம் தாழ்ந்த ஏ என இரண்டு கிளாரினெட்டும் வாங்க வேண்டுமா?

பதில்: இசைக்குழுவை நாடினால் வேண்டும், மேற்சொன்ன மோட்சார்ட்டே ஏ கிளாரினெட்டுக்கு உரியது. பள்ளி பாண்டுக்கு மட்டும் என்றால் வேண்டா.

கேள்வி (நாகஸ்வரம் பயிலும் இளைஞர்): கிளாரினெட்டுக்கு மாறுவது எனக்கு எளிதாக இருக்குமா?

பதில்: மூச்சு வளம் கைகொடுக்கும், விரல்கள் ஏமாற்றும். கூம்பு வடிவ நாகஸ்வரத்தில் காற்றை அழுத்தினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறுகிறது. உருளை வடிவக் கிளாரினெட்டிலோ ஒரு ஸ்தாயியைத் தாண்டி, அதற்கும் மேலுள்ள பஞ்சமத்தில் போய் நிற்கிறது. எனவே ஒரே விரல்வைப்பு கீழே ஒரு சுரமும் மேலே வேறொரு சுரமும் தரும். சாவிகள் நிறைந்த இந்தக் கருவியில் கமகம் வராது என்போருக்கு, 2022இல் பத்மஸ்ரீ பெற்ற கர்நாடக இசைக் கிளாரினெட் கலைஞர் திருச்சி ஏ. கே. சி. நடராஜனின் வாசிப்பே மறுமொழி. ஆனால் கமகத்துக்கு நெகிழும் உதட்டுப்பிடி வேறு, இசைக்குழுவில் அசையாமல் நிற்க வேண்டிய பிடி வேறு. இரண்டையும் ஒரே ஆண்டில் பழகாதீர்கள்.

கேள்வி: அதிகம் கற்பித்தால் சொந்த வாசிப்பு மங்காதா?

பதில்: சாதகம் செய்யாமல் மாலை முழுவதும் வகுப்பெடுத்தால் மங்கத்தான் செய்யும். மாணவருக்கு விளக்க முற்படும்போதுதான் நம் நாக்கு எங்கே படுகிறது என்பதையே பலர் முதன்முறையாகக் கவனிக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் காலை வேளையை எனக்கென்று வைத்துக்கொண்டு, பள்ளி முடிந்த பிறகே வகுப்புகளை ஏற்கிறேன்.