பதக்கங்களை எண்ணியவர்

அன்புள்ள ஐயா,
ஹோசே புர்கோஸ் பற்றிப் போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்கோஸை எதிர்த்துப் பத்திரிகை நடத்திக் கைதானவர். ஆனால் 2022இல் மார்கோஸின் மகனே ஜனாதிபதியாகிவிட்டாரே, இவர்கள் பட்டதெல்லாம் வீண்தானா? இன்றைய பத்திரிகையாளர்களிடம் அந்த அனல் ஏன் இல்லை?
எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

தேடிப் படித்தீர்களே, சந்தோஷம். ஆனால் 'வீண்தானா' என்பதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. நாற்பது வருடம் கழித்து வந்த தேர்தல் முடிவை வைத்து ஒரு மனிதருக்கு மார்க் போடுவது என்ன பழக்கம்? மகன் ஜெயித்தது தனிக்கதை, விடுங்கள்.

'அனல்' என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. 1982 நவம்பரில் புர்கோஸின் 'வீ ஃபோரம்' பத்திரிகை வெளியிட்டது ஆவேசத் தலையங்கம் அல்ல, ஒரு கணக்கு. இரண்டாம் உலகப்போரில் வாங்கியதாக மார்கோஸ் சொல்லிக்கொண்ட பதக்கங்களை, பொனிஃபாசியோ ஹில்லெகோ என்ற முன்னாள் ராணுவ அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்திருந்தார். பலவும் தேறவில்லை.

பள்ளி விடுமுறையில் மாமாவின் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்திருக்கிறேன். கோயில் கொடை நோட்டீஸ், நன்கொடையாளர் பட்டியல் மட்டும் மூன்று பக்கம். மேலோட்டமாக ஓட்டிவிட்டு 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா ஸ்கேலை வைத்து வரிவரியாகக் கீழே இறக்கினார். ஒருவருடைய 100 ரூபாய் 1000 ஆகியிருந்தது. "எழுத்துல தப்பு விட்டா எவனும் கேக்கமாட்டான். நம்பர்ல விட்டா வீடு தேடி வருவான்" என்றார்.

மணிலாவில் நம்பர் சரியாக இருந்தது. அதனால்தான் தேடி வந்தார்கள். டிசம்பர் 7 அன்று ராணுவம் புகுந்து அச்சு இயந்திரம், தட்டச்சுப் பொறி, வண்டிகள் எல்லாவற்றையும் அள்ளிப்போனது. இத்தனைக்கும் மார்கோஸ் தான் போட்ட ராணுவச் சட்டத்தை 1981லேயே நீக்கிவிட்டதாகப் பேர்! சோதனை ஆணைகள் செல்லாது என்று 1984 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் புர்கோஸ் தன் இன்னொரு பத்திரிகையான 'மலாயா'வில் வேலையைத் தொடர்ந்திருந்தார். (மலாயா என்றதும் நமக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும். பிலிப்பைன்ஸ் மொழியான தகலோகில் அதற்கு 'சுதந்திரமான' என்று பொருள்.)

மார்கோஸ் ஆட்சி போன பிறகு புர்கோஸ் புலாக்கான் மாகாணத்தில் விவசாயம் பார்த்தார். 2003இல் இறந்தார். மகன் ஜோனாஸும் விவசாயிகளோடுதான் இருந்தார். 2007 ஏப்ரல் 28, கெஸோன் சிட்டியில் ஒரு வணிக வளாகம். சாப்பிட வந்த ஜோனாஸைச் சிலர் இழுத்துப்போய் வண்டியில் ஏற்றினார்கள். அப்போது ஆட்சியில் சர்வாதிகாரி யாரும் இல்லை, கவனியுங்கள். அங்கிருந்த காவலாளி ஒருவர் அனலாக எதுவும் செய்துவிடவில்லை. வண்டியின் நம்பரைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். விசாரித்தால், அது ஒரு ராணுவ முகாமில் பிடித்துவைத்திருந்த வண்டியின் நம்பர். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ராணுவத்தைப் பொறுப்பாக்கியபோது, அந்த நம்பரும் வழக்கில் இருந்தது.

ஜோனாஸ் இன்னும் கிடைக்கவில்லை.