டான்யூப் கரையில் சைக்கிள்: பாஸாவ் முதல் வியன்னா வரை – கேள்வி பதில்

ஜெர்மனியின் எல்லை நகரான பாஸாவில் தொடங்கி, ஆஸ்திரியாவுக்குள் டான்யூப் நதியை ஒட்டியே வியன்னா வரை செல்லும் சைக்கிள் பாதையின் நீளம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அந்தப் பாதையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் மியூனிக்கில் இருக்கிறாள். இருவருமாகப் போகலாம் என்கிறாள். கடைக்குப் போய்வருவதைத் தவிர நான் சைக்கிள் மிதித்ததில்லை. என்னால் முடியுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

தாராளமாக முடியும். பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வியன்னா சுமார் 160 மீட்டரில். அந்த 140 மீட்டர் இறக்கமும் 320 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடப்பதால் கண்ணுக்கே தெரியாது. நாளுக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏழு நாளில் போய்ச் சேரலாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மிதித்தால் போதும். கிளம்புவதற்கு முந்தைய ஒரு மாதம் தினமும் கொஞ்ச நேரம் இருக்கையில் உட்கார்ந்து பழகுங்கள். இந்தப் பாதையில் கால் வலிப்பதைவிட இருக்கை படும் இடம்தான் அதிகம் வலிக்கும்.

ஆஸ்திரியா என்றாலே மலை. அங்கே எப்படி இவ்வளவு சமதளமான பாதை? (திருச்சி மாணவி)

நல்ல கேள்வி. இது சைக்கிளுக்காகப் போட்ட பாதை அல்ல, குதிரைகளுக்காகப் போட்டது. நீராவிக் கப்பல் வருவதற்கு முன் உப்பையும் தானியத்தையும் ஏற்றிய படகுகள் நீரோட்டத்தோடு கீழே போய்விடும். எதிரோட்டத்தில் மேலே வர வேண்டுமானால் கரையிலிருந்து கயிறு கட்டிக் குதிரைகளால்தான் இழுக்க முடியும். பெரிய படகுத் தொடருக்குப் பல பத்துக் குதிரைகள் பூட்டுவார்கள். இழுக்கும் குதிரை மேடேறி இறங்கிக்கொண்டிருந்தால் கயிறு தளரும், படகு பின்வாங்கும். அதனால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நதி வளைந்தால் தானும் வளைந்து, மேடு பள்ளம் இல்லாமல் அந்தப் பாதையை அமைத்தார்கள்.

டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் 1829-இல் தொடங்கியது. அதன்பின் குதிரைகளுக்கு வேலை குறைந்து, அந்த நூற்றாண்டிலேயே இல்லாமல் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நதியில் வரிசையாக நீர்மின் அணைகள் எழுந்தபோது கரைகளை உயர்த்திப் பலப்படுத்தினார்கள். அந்தக் கரைமேடுகளும் பழைய குதிரைப் பாதைகளும் 1980களில் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கார் ஓட்டுபவருக்காக யாரும் திட்டமிடாத வழி என்பதால்தான் அங்கே இன்றும் கார் இல்லை.

வடகரையா, தென்கரையா? வரைபடத்தில் இரண்டு பக்கமும் பாதை காட்டுகிறதே! (சூரிச், சென்னை, டொரன்டோ எனப் பலர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு வியன்னா வரை போகிறவர்கள் பாதையின் பாதி அழகைத் தவறவிடுகிறார்கள், வண்டிச் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். கரை மாறிக்கொண்டே போவதுதான் சரியான முறை. என் தேர்வைச் சொல்கிறேன்.

பாஸாவிலிருந்து கிளம்பும்போது எந்தக் கரையானாலும் முதல் சில மணி நேரம் நெடுஞ்சாலை பக்கத்திலேயே வரும். பாதை தனியாக இருந்தாலும் சத்தம் கேட்கும். யோகன்ஸ்டைன் அணையிலிருந்து நீடர்ரன்னா வரை வடகரைக்குப் போய்விடுங்கள். காடும் நீரும் மட்டுமே இருக்கும்.

அடுத்து ஷ்லோகன். இங்கே நதி கெட்டியான பாறையில் முட்டி, வந்த திசைக்கே திரும்புவதுபோல முழு வளைவு எடுக்கிறது. வடகரையில் ஆவ் என்ற இடத்தோடு சைக்கிள் பாதை நின்றுவிடும். மலைக்காடு நேராக நீருக்குள் இறங்குகிறது. அங்கிருந்து சிறு படகு உங்களையும் சைக்கிளையும் ஏற்றி, வளைவின் ஊடே கொண்டுபோய் கிராஃபெனாவில் இறக்கும். படகு வேண்டாமென்றால் தென்கரையில் ஷ்லோகனிலிருந்து ஆஷாக் வரை போகலாம், அதுவும் அமைதியான வழியே. எப்படிப் போனாலும் ஷ்லோகனில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, சுமார் அரை மணி நேரம் மேலேறி அந்த வளைவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லின்ஸ் நகரத்தை நெருங்கும் பகுதிதான் எனக்குப் பிடிக்காதது. ஒட்டென்ஸ்ஹைம் தாண்டியதும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அருகிலேயே ஓடும். பாதுகாப்பில் குறை இல்லை, இரைச்சல்தான். லின்ஸுக்குப் பிறகு வயல்வெளி விரிகிறது. கிரைன் ஊரருகே மறுபடி மலைகள் நெருங்கும்போது தென்கரைக்கு மாறுங்கள், ஏனென்றால் வடகரையில் பெரிய சாலை ஓடுகிறது. மெல்க் மடாலயத்தைக் கடந்து வாகாவ் பள்ளத்தாக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். வடகரையில் புகழ்பெற்ற ஊர்கள், திராட்சைத் தோட்டங்கள், அவற்றோடு கூட்டம். தென்கரையில் பழத்தோட்டங்கள், ஆளரவம் குறைந்த பாதை. நான் தென்கரைக்காரன். அங்கே நின்று பார்த்தால்தான் எதிர்க்கரை ஊர்களின் முழு அழகும் தெரியும், வேண்டும்போது படகில் கடந்துகொள்ளலாம். கிரெம்ஸ் தாண்டியபின் டுல்ன் வழியாக வியன்னா வரை தென்கரையே நல்லது.

அந்தப் படகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணா. சில படகுகளுக்கு எஞ்சினே இல்லை என்கிறார்களே? (யாழ்ப்பாணம்)

உண்மைதான் தம்பி. ஒட்டென்ஸ்ஹைமிலும், ஸ்பிட்ஸுக்கும் ஆர்ன்ஸ்டோர்ஃபுக்கும் இடையிலும் அப்படிப்பட்ட படகுகள் ஓடுகின்றன. நதிக்குக் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்புக் கம்பிவடம் கட்டியிருக்கும். அதில் உருளும் கப்பியிலிருந்து படகு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் சுக்கானைத் திருப்பிப் படகை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்துவார். கீழே இழுத்துப்போகப் பார்க்கும் நீரைக் கயிறு தடுத்து நிறுத்துவதால், அந்த விசை படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய் மறுகரை சேர்க்கும். எண்ணெயும் இல்லை, புகையும் இல்லை. கார்களைக்கூட ஏற்றிச்செல்லும். ஆனால் டான்யூப் படகுகள் பல குளிர்காலத்தில் ஓடாது, சில மாலையிலேயே நின்றுவிடும். முதல் நாளே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திசையில் போவது எளிது?

நீரோட்டத்தோடு கிழக்கு நோக்கி. இறக்கத்தைவிட மேற்கிலிருந்து வீசும் காற்று முதுகில் தள்ளுவதுதான் பெரிய உதவி.

எங்கள் பிள்ளைகளுக்கு 8 வயதும் 11 வயதும். அழைத்துப் போகலாமா? (ஸ்டுட்கார்ட்)

தாராளமாக. ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயம். வாடகை சைக்கிள்களில் பலவற்றுக்குப் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். பழக்கமில்லாத பிள்ளை பெடலைச் சும்மா பின்னால் சுற்றினால் வண்டி சட்டென்று நின்றுவிடும். பாஸாவில் வண்டி எடுத்ததும் ஏதாவது காலி இடத்தில் கால் மணி நேரம் ஓட்டிப் பழகவிடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அதோடு, அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா? (மதுரை)

வராது அம்மா. பாலாடைக்கட்டியில் புரட்டிய மாவுப் பண்டங்கள், உருளைக்கிழங்கு, சாலட் எல்லா ஊர் விடுதியிலும் உண்டு. வாகாவில் ஏப்ரிகாட் பழத்தை மாவுக்குள் பொதிந்து, நம் கொழுக்கட்டைபோல வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் உருட்டித் தருவார்கள். ஜூலையில் பழம் பறிக்கும் நேரத்தில் அதைச் சாப்பிடாமல் வர வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சூப் தெளிவாக இருப்பதால் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள். தோசையை மெல்லியதாக நறுக்கிப் போட்டது போலத் தோன்றும் சூப்பைப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்கிறார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பழம், ரொட்டி வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

மாளிகைகளும் தேவாலயங்களும் தவிர, நின்று பார்க்க வேண்டியவை? (புதுச்சேரி)

மூன்று சொல்கிறேன். லின்ஸுக்குக் கிழக்கே மௌட்ஹவுசன். நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம், 1945 மே மாதம் விடுவிக்கப்பட்டது. கைதிகள் கல்லுடைத்த கல்குவாரியும் அங்கேயே இருக்கிறது. பாதையிலிருந்து கடும் ஏற்றம், தள்ளிக்கொண்டாவது போங்கள். நதிக்கரையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு அந்த ஊரைக் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்து வாகாவில் வில்லன்டோர்ஃப். உள்ளங்கையில் அடங்கும் 11 சென்டிமீட்டர் பெண்ணுருவம் 1908-இல் அங்கேதான் கிடைத்தது. சிலை இன்று வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பயணம் முடிந்ததும் அங்கே பார்க்கலாம். மூன்றாவது, டுல்னுக்கு முன்னால் வரும் ஸ்வென்டென்டோர்ஃப் அணுமின் நிலையம். முழுவதும் கட்டி முடித்தபின், 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்று முடிவானதால் ஒருநாள்கூட இயங்காத நிலையம் அது.

எந்த மாதம்? வெள்ளம் வருமா? (லண்டன்)

மே முதல் செப்டம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் அறைக்கு முன்பதிவு அவசியம். வெள்ளத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013 ஜூனில் பாஸாவில் நீர் ஏறத்தாழ 12.9 மீட்டருக்கு உயர்ந்தது. 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா பெரும் சேதம் கண்டது. கரைப்பாதைதான் முதலில் மூழ்கும். நாலைந்து நாள் தொடர்மழை என்றால் நீர்மட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாதையை மூடித் தடுப்பு வைத்திருந்தால் அதைச் சுற்றி நுழைய வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் படியும் வண்டல் சேற்றில் சக்கரம் நிற்காது.

சாமான்களை என்ன செய்வது? திரும்பி வருவது எப்படி?

கேரியரில் இருபுறமும் தொங்கும் பைகளில் எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம். முதுகுப்பை வேண்டவே வேண்டாம். பெட்டிகளை விடுதிக்கு விடுதி கொண்டுபோய் வைக்கும் நிறுவனங்கள் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தச் செலவைப் பார்க்க வேண்டாம். பாஸாவில் எடுத்த வாடகை சைக்கிளை வியன்னாவிலேயே விட்டுவிடும் வசதியும் கிடைக்கிறது. சொந்த சைக்கிளோடு விரைவு ரயிலில் திரும்புவதாக இருந்தால் சைக்கிளுக்கும் இடம் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு ரயிலில் சில இடங்களே இருக்கும். உங்கள் டிக்கெட்டை எடுக்கும்போதே அதையும் எடுத்துவிடுங்கள்.