நல்ல சப்ளையர் சூப்பர்வைசர் ஆனதும் கத்த ஆரம்பிச்சிட்டார், என்ன ட்ரெயினிங் குடுக்கலாம்?

கேள்வி: திருச்சியில சைவ ஹோட்டல் வச்சிருக்கேன், 60 சீட். ரொம்ப வருஷமா சப்ளையரா இருந்தவரை சூப்பர்வைசர் ஆக்கினேன். நேர்மையான ஆளு, ஆனா எல்லார்கிட்டயும் கத்துறார். ரெண்டு பசங்க நின்னுட்டாங்க, தோசை மாஸ்டரும் கணக்கை முடிங்கன்னு கேக்குறார். பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கிளாஸ் அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சார். ஏசி ஹால்ல உக்காந்து பாடி லாங்வேஜ் அது இதுன்னு கேட்டுட்டு வருவார், காலைல எட்டரை மணிக்கு டேபிள் எல்லாம் ஃபுல்லா இருக்கும்போது உள்ள இருந்து பொங்கல் தீந்துபோச்சுன்னு குரல் வரும் பாருங்க, அப்போ அதுல ஒரு வரி கூட ஞாபகத்துக்கு வராது.

அவர் ஏன் கத்துறார்னு முதல்ல பாருங்க. அநேகமா லீவு குடுக்குறது நீங்க, அட்வான்ஸ் குடுக்குறது நீங்க, மாஸ்டருக்கு ஏதாச்சும்னா நேரா உங்களுக்குத்தான் போன், நீங்களும் பேசி முடிச்சிடுவீங்க. அப்புறம் அவர்கிட்ட தொண்டையைத் தவிர வேற என்ன இருக்கு? அதனால வாராந்திர லீவு, ஷிப்ட் போடுறது, சின்ன அட்வான்ஸ், பில்லுல ஒரு ஐட்டத்தை கழிக்கிறது இதெல்லாம் அவர் கையில குடுங்க. யாராவது அவரைத் தாண்டி உங்ககிட்ட வந்தா "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டியாப்பா"ன்னு திருப்பி அனுப்புங்க. பாதி சத்தம் இதுலயே குறையும்.

மிச்சத்துக்குத்தான் ட்ரெயினிங், அதுவும் உங்க ஹோட்டல்லயே, மதிய கூட்டம் ஓய்ஞ்ச பிறகு அரை மணி நேரம். நீங்க கஸ்டமரா உக்காருங்க, சாம்பார்ல முடின்னு கத்துங்க. "எங்க சார் முடி"ன்னு குனிஞ்சு தேடினார்னா நிறுத்தி மறுபடி முதல்ல இருந்து. தட்டை எடுக்கணும், சாரி சொல்லணும், புதுசு கொண்டு வரணும், பில்லுல கழிக்கணும், இந்த வரிசை வாய்ல தானா வர்ற வரைக்கும் விடாதீங்க. அங்கேயே சப்ளையர் பையனைக் கூப்ட்டு திட்டுறது கூடவே கூடாது, கஸ்டமருக்கும் சங்கடம்.

அடுத்தது மாஸ்டர். ஹெல்பர் பசங்க முன்னாடி "என்னய்யா இவ்ளோ உப்பு"ன்னு கேட்டா எந்த மாஸ்டரும் கரண்டியைப் போட்டுட்டுதான் போவார். "மாஸ்டர், ஆறாம் டேபிள்லயும் ஒன்பதாம் டேபிள்லயும் சட்னி உப்புங்கறாங்க, ஒரு வாட்டி வாயில வச்சுப் பாருங்க"ன்னு பக்கத்துல போய் மெதுவா சொல்லச் சொல்லுங்க. தீர்ப்பை மாஸ்டர் நாக்குக்கே விட்டுட்டா பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

லீவு பேச்சு இன்னொண்ணு. உங்ககிட்ட பீகார் பசங்க இருந்தா அவங்களுக்கு சூரியனைக் கும்பிடுற சட் பூஜைதான் பெருசு, அது தீபாவளி முடிஞ்சு ஆறாவது நாள். நம்ம பசங்க தீபாவளிக்கு, அவங்க சட் பூஜைக்குன்னு ரெண்டு லீவும் ஒட்டிக்கிட்டு வரும், ரயில் டிக்கெட் ரெண்டு மாசம் முன்னாடியே போடணும். யார் எப்போ போறாங்கன்னு ஆகஸ்ட்லயே கேட்டு எழுதி சுவத்துல ஒட்டச் சொல்லுங்க, கடைசி நேரத்துல சொல்லாம ஓடிட்டாங்கன்னு நாம புலம்புறதுல பாதி, யாரும் முன்கூட்டியே கேக்காததுதான்.

தினம் ஷிப்டுக்கு முன்னாடி நின்னபடியே ஒரு பத்து நிமிஷம் மீட்டிங். இன்னிக்கு என்ன இல்ல, பெரிய பார்சல் ஆர்டர் எத்தனை மணிக்கு, யார் எந்த டேபிள், அவ்ளோதான், அட்வைஸ் மழை வேண்டாம். வெங்காயம் பூண்டு இல்லாம கேட்ட ஆர்டரை மட்டும் உள்ள இருக்குறவர் வாயால திருப்பி சொல்ல வைக்கணும், தமிழ் அரைகுறையா தெரிஞ்ச பசங்க புரியலன்னாலும் தலையாட்டிடுவாங்க.

காய் நறுக்குற, பாத்திரம் கழுவுற அம்மாக்கள்கிட்ட கெட்ட வார்த்தை, ரெட்டை அர்த்தப் பேச்சு எல்லாம் இருந்தா அதை ட்ரெயினிங் கணக்குல சேக்காதீங்க, உடனே நிறுத்துங்க. 10 பேர் வேலை செஞ்சாலே, வேலை இடத்துல பெண்களுக்கு பாலியல் தொல்லை நடக்காம தடுக்குற 2013 சட்டப்படி புகார் கமிட்டி வச்சாகணும், நிறைய ஹோட்டல்ல அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

ஒரு ரெண்டு மாசம் பாருங்க. அதுக்கப்புறமும் மாறலன்னா சம்பளத்துல கை வைக்காம ஸ்டோர், பர்ச்சேஸ் மாதிரி ஆள் மேய்க்காத வேலைக்கு மாத்திடுங்க, நேர்மையான ஆளுன்னு நீங்களே சொல்றீங்க, சரக்கு கணக்குக்கு அப்படி ஒருத்தர் கிடைக்கிறது லேசுல இல்ல.